தவராசாவின் விசிற்றிங் காட்

நிரோசா எங்கள் அச்சகத்தில் என்னோடு கொஞ்சக் காலம் வேலை செய்தவள். இப்போது சொந்தமாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்து, "யோகம் அக்கா, பெடியளுக்கு ஒரு வகுப்பு வைக்கிறம். பேர்சனல் பிராண்டிங் பற்றி. நீங்கள் வந்து உங்கட அனுபவத்தைச் சொல்லவேணும்" என்றாள்.

"அதென்ன கோதாரி?" என்று கேட்டேன்.

ஒரு ஆள் தன்னை ஊருக்கு எப்படிக் காட்டிக்கொள்கிறார் என்பது, பெயர், சின்னம், நிறம், எழுத்து எல்லாம் சேர்ந்தது என்று விளக்கம் சொன்னாள்.

"அட, விசிற்றிங் காட் எண்டு சொல்லன்."

சிரித்துக்கொண்டு என்னைக் கூட்டிப்போனாள். குளிர் போட்ட அறை, சுவரில் பெரிய திரை, நல்ல பிள்ளைகள். நானும் மேசையில் குனிந்து கையால் எழுத்துக் கீறிய கதையெல்லாம் சொன்னேன். அந்தக் காலம் போய்விட்டதே என்று நான் அழுகிற ஆள் இல்லை. கம்பியூட்டர் வந்ததால்தான் என் முதுகு தப்பியது. அதையும் சொன்னேன். கடைசியில் ஒரு பெடியன் எழும்பி, "அன்ரி, நீங்கள் செய்ததிலேயே சக்சஸான காட் எது?" என்று கேட்டான். படப்பிடிப்பு நிலையக்காரர் ஒருவருக்குச் செய்த காட்டைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. என் மனதில் வந்து நின்றது வேறு காட். அதை அந்தக் குளிர் அறையில் வைத்துச் சொல்ல என்னால் ஏலவில்லை. இங்கே எழுதுகிறேன். அது சக்சஸா இல்லையா என்பதை வாசிக்கிறவர்கள் சொல்லட்டும்.

நான் திருகோணமலைக்குக் கிட்ட, சாம்பல்தீவுப் பெட்டை. கையெழுத்து வடிவு என்று யாரோ சொல்லி, உட்துறைமுக வீதிப் பக்கம் இருந்த பொன்னம்பலத்தாரின் அச்சகத்தில் எழுத்துக் கீறுகிற வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு மூன்று வருடம் கோடு போடவும் அழிக்கவும் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது பொன்னம்பலத்தாரைப் பற்றி.

மெலிந்த மனிதர். எந்த நாளும் வெள்ளைச் சேட், இடப்பக்கம் ஒரே ஒரு பை. நான் கீறிய காட்டை மாதிரிக்கு ஒன்று அடித்து, அளவாக வெட்டி அவரிடம் கொடுக்கவேண்டும். அதை நாங்கள் புரூவ் என்போம். வேறு முதலாளி என்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார். இவர் பார்க்கமாட்டார். சேட் பைக்குள் வைத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடப்பார். ஒரு பிளேன்ரீ குடிப்பார். கண்டவர்களோடு கதைப்பார். வெயிலில் வேர்த்துக் கொட்டித் திரும்பி வருவார். வந்ததும் பையிலிருந்து எடுத்து, முன்னறையில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் நீட்டுவார். தபால்காரர் நின்றால் தபால்காரரிடம், மீன்காரி நின்றால் மீன்காரியிடம்.

"இது ஆர்? என்ன செய்யிறவர்? எங்க இருக்கிறார்?"

மூன்று கேள்விதான். வாங்கியவர் தடுமாறாமல் மூன்றுக்கும் பதில் சொன்னால் "ம்" என்பார். தடுமாறினால் காட் என் மேசைக்குத் திரும்பி வரும். நல்லாயிருக்கு என்ற சொல்லை நான் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. அந்த "ம்"முக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். காட் யாருடைய பெயரிலோ அவர் நேரில் வரவேண்டும். எதிர்க் கதிரையில் உட்கார்ந்து புரூவை வாய்விட்டு வாசிக்கவேண்டும். பிறகு அதன் பின்பக்கம் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தப் புரூவ் அலுமாரிக்குள் போகும். முதலில் இதை அவர் தொடங்கியது சண்டை சச்சரவைத் தவிர்க்க. அடித்து முடித்தபிறகு, என்ர தகப்பன்ர பெயர் பிழை என்று வந்து நிற்பார்கள் அல்லவா? ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியபிறகு காரணம் மாறிவிட்டது. இன்னொருவருடைய பெயரில் காட் அடித்து வைத்துக்கொள்ள ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்போதிருந்து பொன்னம்பலத்தார் அந்தச் சட்டத்தில் இம்மியும் இளகவில்லை. "பெயர் ஆற்றையோ அவர் வரவேணும்." மந்திரியின் ஆள் வந்தாலும் இதுதான் பதில்.

சண்டை எங்கள் தொழிலையே தலைகீழாகப் புரட்டிப்போட்டது. இயக்கக் கொடியின் நிறம் என்று, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் காட்டைத் தொடமாட்டார்கள். ஒரு மிட்டாய்க் கடைக்காரருக்கு ஆசையாக அப்படி ஒன்று கீறினேன். பொன்னம்பலத்தார் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதைப் பையில வைச்சுக்கொண்டு நான் சந்தைக்குப் போறதெண்டால் திரும்பி வரமாட்டன்" என்றார். ஆமி உடுப்பு மாதிரிப் பச்சையில் திட்டுத் திட்டாக எதுவும் போட ஏலாது. விலாசம் வேண்டாம் என்பார்கள். சிவசுப்பிரமணியம் என்ற கொந்தராத்துக்காரர் "எஸ். மணி" ஆனார். ஒரு ஆளை ஊருக்குக் காட்டுவதுதான் காட்டின் வேலை. எங்கள் ஊரிலோ ஆளை மறைக்கிற மாதிரிக் காட் கீறித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் யாரைக் கோபிக்கிறது?

இதிலும் பெரிய மாற்றம் ஒன்று இருந்தது. அடுத்தவருடைய காட்டைப் பையில் வைத்திருக்க எல்லாருக்கும் பயம். வீதியில் மறித்துச் சோதிக்கிற சென்றியில் பேர்ஸைத் திறக்கச் சொல்வார்கள். இது யார், உனக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். காட்டுக்காரர் முதல் நாள் பிடிபட்டிருந்தால் உன் பாடும் அதோகதிதான். ஆகவே எங்கள் சனம் ஒரு புதுப் பழக்கம் பிடித்தது. காட்டை நீட்டினால் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்குவார்கள். ஆறுதலாக வாசிப்பார்கள். "வாசிச்சிட்டன், பிடியுங்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தவரும் கோபிக்காமல் வாங்கி வைத்துக்கொள்வார். திருகோணமலைக்கு வெளியே இருந்து வந்தவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு அது நல்ல பழக்கமாகவே போய்விட்டது.

தவராசா வந்தது, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிக் கொடுக்கிற தொழில் அவருக்கு. உயரமான ஆள். தொண்டை என்றால் தொண்டை. அவர் முன்னறையில் கதைத்தால் பின்னுக்கு மெஷின் ஓட்டுகிற, கந்தளாயிலிருந்து வந்த சிங்கள மனிதர் ஓட்டத்தை நிற்பாட்டிவிட்டு எட்டிப்பார்ப்பார்.

"கப்பல் கப்டன்மாருக்குக் குடுக்கிற காட், அக்கா. இங்கிலீசில வேணும். ஆனா நங்கூரம் மட்டும் கீறிப்போடாதையுங்கோ."

"ஏன், துறைமுகத்தில எல்லாரும் அதைத்தானே கேக்கினம்?"

"அதுதானே சொல்லுறன்! நங்கூரம் போட்டால் கப்பல் நிண்டிடும். எனக்குக் கப்பல் வந்து வந்து போகவேணும். நிண்டால் என்னட்டை ஆர் சாமான் வாங்கிறது?"

சொல்லிவிட்டுக் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கயிறு எடுத்தார். என் மேசையிலேயே ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். ஒரு வளையம், அதன் கழுத்தில் ஒரு சுற்று. "இதைக் கீறுங்கோ. எவ்வளவு பாரம் இழுத்தாலும் வழுகாது. அவிழ்க்கவேணுமெண்டால் ஒரு விரலால தட்டினால் போதும்."

கீறினேன். பத்துத் தரமாவது அழித்துக் கீறியிருப்பேன். அவர் கதிரையில் இருந்து தன் பெயரையும் தொழிலையும் விலாசத்தையும் மேடையில் வாசிப்பதுபோல வாசித்தார். பின்பக்கம் நீளமாக வால் இழுத்துக் கையெழுத்து வைத்தார். சந்தைக்குப் போய்வந்த அந்தக் காட்டுக்குப் பொன்னம்பலத்தார் ஒரே தரத்தில் "ம்" சொல்லிவிட்டார். அடித்து முடித்து வாங்க வந்தபோது தவராசா முதல் காட்டை எனக்குத்தான் தந்தார். "எனக்கு மகள் பிறந்திருக்கிறாள் அக்கா. காட் வந்த நேரம் நல்ல நேரம்" என்றார். எனக்குப் பெரிய சந்தோசம்.

மகளுக்குப் பேச்சு வருகிற வயதில் சண்டை திரும்பவும் மூண்டது. ஒரு காலை, துறைமுகத்துக்குப் போகச் சைக்கிளை எடுத்த மனிதரை, விசாரித்துப்போட்டு விடுகிறோம் என்று வாசலில் வைத்துக் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போனவர்கள் யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பல மாதத்துக்குப் பிறகு அவருடைய மனைவி பரமேஸ்வரி அச்சகத்துக்கு வந்தா. அப்போதுதான் அவவை முதன்முதல் பார்க்கிறேன். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கையில் அந்த முடிச்சுக் காட் ஒன்று, மூலையெல்லாம் மழுங்கிப்போய்.

"இதை இன்னும் கொஞ்சம் அடிச்சுத் தரவேணும். எல்லாம் குடுத்து முடிஞ்சுது."

ஆருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். போகாத முகாம் இல்லை, ஏறாத கந்தோர் இல்லை, எல்லா இடத்திலும் ஒவ்வொன்று கொடுத்தனான் என்றா.

"படம் இல்லையோ?"

"படத்தைக் காட்டினால், இதைப்போல எத்தினை பெடியள் எண்டு திருப்பித் தருவினம் அக்கா. காட்டில தொழில் இருக்கெல்லோ. கப்பலுக்குச் சாமான் போட்டு உழைச்சுச் சாப்பிட்ட மனுசன் எண்டு இருக்கெல்லோ. அதை வாசிச்சால் ஒருத்தராவது யோசிப்பினம்."

பிறகு ஒரு சின்ன மாற்றம் கேட்டா. அவர்கள் இருந்த வீட்டுப் பக்கம் அப்போது ஒருவரும் போக ஏலாது. பிள்ளையோடு சொந்தக்காரர் வீட்டில் இருந்தா. "விலாசத்தை மட்டும் மாத்திவிடுங்கோ. அவரை விட்டால் பழைய வீட்டுக்கெல்லோ போவார். புது விலாசம் காட்டில இருந்தால் ஆரும் சொல்லி அனுப்புவினம்."

நான் பேனையை எடுத்துவிட்டேன். பொன்னம்பலத்தார் தன் கதிரையில் இருந்தபடி, "பெயர் ஆற்றையோ அவர் வரவேணும், பிள்ளை" என்றார்.

எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்ன விசரே ஐயா? அவர் வர ஏலுமெண்டால் இவ ஏன் இஞ்ச வந்து நிக்கிறா?" என்று கத்தினேன். முதலாளியை எதிர்த்து அப்படிக் கத்தியது அதுதான் முதல் தரம். அவர் பரமேஸ்வரியின் கையிலிருந்த காட்டை வாங்கிச் சேட் பைக்குள் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பரமேஸ்வரி என்னைப் பார்த்தா. எனக்கு அவ முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் வந்தார். நேரே அலுமாரியைத் திறந்தார். தவராசா வால் இழுத்துக் கையெழுத்து வைத்த பழைய புரூவைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார்.

"இது அவர் வாசிச்சுக் கையெழுத்து வைச்சது. இதில ஒரு எழுத்தையும் மாத்தமாட்டம். அவர் சொன்னபடி அப்பிடியே அடிப்பம். விலாசம் மாறினது உன்ர. அதைப் பின்பக்கத்தில, உன்ர பெயரில போடுவம். அதுக்கு நீ கையெழுத்து வை."

இந்த மனிதரையா விசரன் என்றேன் என்று நினைத்தேன். ஆனால் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கிற ஆள் இல்லை.

பரமேஸ்வரியின் பக்கத்தைக் கீறத் தொடங்கினேன். முகாமில் கொடுப்பதற்கு மூன்று மொழியிலும் வேண்டும். சிங்கள எழுத்தைக் கந்தளாய் மனிதர் பார்த்துத் திருத்தித் தந்தார். எல்லாம் சரி. பெயருக்குக் கீழே என்ன போடுவது? ஒருவர் என்ன செய்கிறவர் என்று அந்த வரியில்தானே வரும். கேட்டேன்.

"நான் ஒண்டும் செய்யிறேல்ல அக்கா. முந்தி வீட்டைப் பார்த்தன். இப்ப..." நிறுத்திவிட்டு, "தேடுறன் எண்டு போட ஏலுமோ?" என்று கேட்டா.

நான் பேனையைக் கீழே வைத்தேன். பொன்னம்பலத்தார்தான் சொன்னார்: "இப்ப வெறுமையா விடு. பேந்து போடலாம்."

அப்படியே விட்டேன். ஒரு வரிக்கு இடம். அதற்குக் கீழே விலாசம். பரமேஸ்வரி கதிரையில் இருந்து தன் பெயரை வாசித்தா. சத்தம் வெளியே வரவில்லை. பொன்னம்பலத்தார் இன்னொருதரம் வாசிக்க வைத்தார். இரண்டாம் தரம் கொஞ்சம் கேட்டது.

அதற்குப் பிறகு அவ ஒவ்வொரு வருடமும் வந்தா. சிலவேளை வருடத்தில் இரண்டு தரம். ஒரு முறை வந்தபோது பையிலிருந்து கிழிந்த துண்டுகளை எடுத்து மேசையில் போட்டா. எங்கள் சனத்தின் பழக்கம்தான் தெரியுமே. திருப்பிக் கொடுத்தால் பரவாயில்லை. முகத்துக்கு நேரே மறுக்க ஏலாமல் வாங்கிக்கொண்டு போய், சென்றிக்குக் கிட்ட வந்ததும் கிழித்து எறிந்திருக்கிறார்கள். அவ பின்னால் போய்ப் பொறுக்கி வந்திருக்கிறா.

"அவையில பிழையில்லை அக்கா. அவைக்கும் பிள்ளை குட்டி இருக்கு. கிழிக்க ஏலாத மட்டை ஏதும் இருக்கோ?"

அந்தக் கேள்வியோடுதான் எங்கள் அச்சகத்துக்குப் பிளாஸ்ரிக் உறை ஒட்டுகிற சின்ன மெஷின் வந்தது. அடையாள அட்டைக்கு ஒட்டுவதற்கு என்று பொன்னம்பலத்தார் ஊருக்குச் சொன்னார். எனக்குத் தெரியும், எதற்கு என்று. முதலில் ஒட்டியது தவராசாவின் காட்டைத்தான். பரமேஸ்வரி ஒன்றைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிப் பார்த்தா. கிழியவில்லை. "இனி எறிஞ்சால் எறியட்டும். முழுசாக் கிடந்தால் ஆரும் எடுத்து வாசிப்பினம்" என்றா. அன்றைக்குத்தான் அவ சிரித்து நான் பார்த்தது.

கம்பியூட்டர் வந்தபோது பழைய வேலைகளையெல்லாம் அதில் ஏற்றவேண்டியிருந்தது. பழைய அச்சிலிருந்து அந்த முடிச்சு தெளிவாக வரவில்லை. கயிறு வாங்கி வந்து நானே போட்டுப் பார்த்தேன். சுற்று எந்தப் பக்கத்தால் போகிறது என்று மறந்துபோய்விட்டது. கயிற்றோடு நான் மல்லுக்கட்டுகிற நேரம் பரமேஸ்வரி வந்தா. "தாங்கோ" என்று வாங்கி, கதைத்துக்கொண்டே ஒரு இழுவையில் போட்டு மேசையில் வைத்தா. கலியாணம் முடிந்த புதிதில் அவர் பழக்கினவர் என்றா. அதைப் பார்த்துத்தான் இரண்டாம் தரம் கீறினேன்.

தோளில் தூக்கித் திரிந்த மகள் சுகந்தி வளர்ந்து, ஆசிரியையாகி, அவளுக்குக் கலியாணமும் பேசி முடிந்தது. அழைப்பிதழ் எங்களிடம்தான். பரமேஸ்வரியோடு மாப்பிள்ளையின் தமையன் குலசிங்கமும் வந்திருந்தார். வங்கியில் வேலை. மரியாதையான ஆள். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

எங்கள் அழைப்பிதழில் பொம்பிளையின் தாய் தகப்பன் பெயர் வரும். ஒருவர் இறந்திருந்தால் அவருடைய பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவது வழக்கம். பரமேஸ்வரி எழுதிக் கொண்டுவந்ததில் "திரு. திருமதி தவராசா" என்று இருந்தது. குலசிங்கம் எழுதி வந்ததில் "காலஞ்சென்ற தவராசா" என்று இருந்தது. இரண்டு கடதாசியும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"பொம்பிளையின்ர அம்மா இன்னும் பொட்டோட நிக்கிறா. நீங்கள் இப்பிடிப் போட்டால் சனம் என்ன கதைக்கும்?" என்று நான்தான் முதலில் வாயை விட்டேன்.

"அக்கா, எங்களுக்கு மட்டும் ஆசையே?" என்றார் குலசிங்கம். "திரு. திருமதி எண்டு போட்டால், மணவறையில தகப்பன் எங்க எண்டு ஒவ்வொருத்தரும் கேப்பினம். ஆர் நிண்டு தாரைவார்க்கிறது? இருபத்திரண்டு வருசம் எண்டுறது சின்னக் காலமே? என்ர அம்மா பழைய மனுசி. உயிரோட இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாத வீட்டில சம்பந்தம் வேண்டாம் எண்டு பிடிவாதம் பிடிச்சவ. இல்லையெண்டு போட்டால் சம்மதம் எண்டு கடைசியா இறங்கி வந்திருக்கிறா. தம்பி அந்தப் பிள்ளையைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறான். நான் என்ன செய்ய?"

பரமேஸ்வரி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றா.

பொன்னம்பலத்தாருக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது. பொல்லு ஊன்றித்தான் நடப்பார். ஆனால் கதிரையை விடவில்லை. அங்கிருந்தபடி, "தம்பி, எங்கட அச்சகத்தில ஒரு வழக்கம். ஆற்றை பெயர் வருகுதோ அவர் வாசிச்சுக் கையெழுத்து வைக்கவேணும்" என்றார்.

"செத்தவர் எப்பிடி ஐயா கையெழுத்து வைக்கிறது?"

"செத்தவர் வைக்கத் தேவையில்லை. அவர் செத்தது ஆருக்குத் தெரியுமோ அவர் வைக்கட்டும்." பேனையை மேசையில் உருட்டிவிட்டார். "தம்பிக்குத் தெரியுமெண்டால் தம்பி வையுங்கோ."

குலசிங்கம் பேனையை எடுத்தார். கொஞ்ச நேரம் விரலுக்குள் வைத்திருந்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். "எனக்கெப்பிடி ஐயா தெரியும்?"

"தெரியாட்டி விடுவம்."

எனக்கு மனதுக்குள் அவ்வளவு புழுகமும் சந்தோசமும். ஐயா வென்றுவிட்டார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனது சுகந்தியை.

குலசிங்கம் கோபிக்கவில்லை. தன் கடதாசியை எடுத்து நாலாக மடித்தார். "அப்ப நான் வீட்டில அம்மாவோட கதைச்சுப்போட்டு அறிவிக்கிறன்" என்று எழும்பினார். கலியாணம் பேசிய எந்த வீட்டுக்கும் அந்தச் சொல்லின் கருத்துத் தெரியும்.

"இருங்கோ தம்பி" என்றா பரமேஸ்வரி.

வந்து எதிர்க் கதிரையில் இருந்தா. குலசிங்கத்தின் கையிலிருந்து கடதாசியை வாங்கி விரித்தா.

"பரமேஸ்வரி, நீ வைக்காதை" என்றார் பொன்னம்பலத்தார். பொல்லை ஊன்றிக் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

"உங்கட சட்டம்தானே ஐயா. தெரிஞ்ச ஆள் வைக்கவேணுமெண்டு. அவரைத் தெரிஞ்ச ஆள் என்னைவிட இஞ்ச வேற ஆர் இருக்கினம்?"

ஒருவரும் கேட்காமலே வாய்விட்டு வாசித்தா. முதல் தரம் வந்தபோது தன் பெயரைக்கூட வாசிக்கச் சத்தம் வராத மனுசி. "காலஞ்சென்ற தவராசா, திருமதி பரமேஸ்வரி ஆகியோரின் அன்புப் புதல்வி செல்வி சுகந்தி." ஒவ்வொரு சொல்லும் பின்னறை வரைக்கும் கேட்டது. மெஷின் நின்றது. கந்தளாய் மனிதர் வந்து கதவடியில் நின்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கேட்டால் விளங்கும். பரமேஸ்வரி கடதாசியைத் திருப்பிக் கையெழுத்து வைத்தா. குலசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றுவிட்டு விறுவிறென்று போய்விட்டார். நான் அழுதேன். எனக்கு அழுகை வந்தால் மறைக்கத் தெரியாது.

அவ போகவில்லை. கைப்பையைத் திறந்து பிளாஸ்ரிக் ஒட்டிய காட் ஒன்றை எடுத்தா. "ஐயா, இதுவும் முடியப்போகுது. இதையும் அடிச்சுத் தாங்கோ."

ஒரே மேசையில், ஒரே கையெழுத்துக்காரி. அந்தக் கடதாசியில் அவர் இல்லை, இந்தக் காட்டில் அவர் இருக்கிறார். இதற்கு எந்தச் சட்டத்தைச் சொல்வது?

பொன்னம்பலத்தார் கையை நீட்டினார். காட்டை வாங்கிச் சேட் பைக்குள் வைத்தார். பொல்லை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். உச்சி வெயில். சந்தைவரைக்கும் போனாரோ, பாதியில் நின்றாரோ, எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அவர் வரும்வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தார். சேட் தோய்ந்து முதுகோடு ஒட்டியிருந்தது. காட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அத்தனை வருடத்தில் ஒருநாளும் என்னிடம் நீட்டியதில்லை, கீறிய ஆளிடம் கேட்டால் என்ன பயன் என்பார்.

"இது ஆர்?"

"தவராசா."

"என்ன செய்யிறவர்?"

"கப்பலுக்குச் சாமான் ஏத்திக் குடுக்கிறவர்."

எங்க இருக்கிறார் என்ற மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பரமேஸ்வரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பொன்னம்பலத்தார் கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார். பிறகு "ம்" என்றார்.

நான் காட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். அவவுடைய பெயர், கீழே அந்த வெறும் வரி, விலாசம். ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன். "பெயருக்குக் கீழ இந்த முறையாவது ஏதும் போடுவமோ, பரமேஸ்வரி? இவ்வளவு காலமும் இடத்தைச் சும்மா விட்டு வைச்சிருக்கிறம்."

அவ காட்டை வாங்கிப் பார்த்தா. குங்குமம் வேர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது. துடைக்கவில்லை.

"இடம் இருக்கட்டும் அக்கா. அவர் வந்து சொல்லட்டும்."

அப்படியே அடித்தோம்.